அம்மாவின் நோட்டும் எட்டு மூளைப் பொட்டியும்

ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா, மாமா, எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "புனேல கம்ப்யூட்டர் கம்பெனிங்கிறியே, அப்படி என்னதான்ப்பா வேலை?" பொட்டி தட்டுகிறேன் என்றால் டைப்பிங் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். ப்ராஜெக்ட், மாட்யூல் என்று ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் "சாப்பிட்டியா?" என்று பேச்சு மாறிவிடும். வெளியூரில் பொட்டி தட்டும் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இருபது வருஷமாக நான் என்ன ஆணி பிடுங்குகிறேன் என்று ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. தொழில்நுட்பம் என்று பயந்து ஓடிவிடாதீர்கள். பின்பாதியில் அப்பாவின் மாத்திரைக் கதை ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

ஒரே வரியில் சொல்வதானால் என் வேலை இதுதான். ஒரே தகவலில் ஒரே நேரத்தில் பல பேர் கை வைக்கும்போது அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலி எங்களில் பல பேருக்கு இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மூளைதான். வருஷாவருஷம் அதன் வேகம் ஏறிக்கொண்டே போகும். நாம் எழுதிய நிரல் மந்தமாக ஓடினால் கவலைப்படத் தேவையில்லை, அடுத்த வருஷம் வரும் பொட்டியில் தானாகவே வேகமாக ஓடும். ஒரு கட்டத்தில் சூடு தாங்காமல் இந்த விளையாட்டு நின்றுபோனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் 2004-ல் கைவிட்டது. மறு வருஷமே ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைத்து விற்க ஆரம்பித்தார்கள். அந்த 2005-ல் ஹெர்ப் சட்டர் என்பவர் எழுதிய கட்டுரை எங்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். இலவசச் சாப்பாடு முடிந்தது என்பதுதான் தலைப்பின் சாரம். இனிமேல் வேகம் வேண்டுமென்றால் வேலையைப் பங்கு போட்டு நீங்களே பல மூளைகளிடம் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலேயே எட்டு கோர் இருக்கக்கூடும்.

எட்டுப் பேர் வேலை செய்தால் வேலை சீக்கிரம் முடியுமே, நல்லதுதானே? நல்லதுதான், எட்டுப் பேரும் ஒரே நோட்டில் எழுதாத வரைக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அம்மா பேரில் இருக்கும் கணக்கில் இருப்பு 10,000 ரூபாய். அண்ணன் டெல்லியிலிருந்து 2,000 போடுகிறான். அதே நொடியில் தங்கை ஹைதராபாத்திலிருந்து 3,000 போடுகிறாள். 'இருப்பில் 2,000 கூட்டு' என்று நாங்கள் நிரலில் எழுதுவது ஒரே வரி. பொட்டிக்குள் அது மூன்று வேலை. இருப்பை எடுத்துப் படி, கூட்டு, கூட்டியதைத் திரும்ப எழுது. அண்ணன் வேலையைப் பார்க்கும் கோர் 10,000 என்று படிக்கிறது. அது திரும்ப எழுதுவதற்குள் தங்கை வேலையைப் பார்க்கும் கோரும் வந்து 10,000 என்று படித்துவிடுகிறது. முதலாவது 12,000 என்று எழுதுகிறது. இரண்டாவது அதன் மேலேயே 13,000 என்று எழுதுகிறது. 15,000 இருக்க வேண்டிய இடத்தில் 13,000. அண்ணன் போட்ட பணம் காற்றோடு போச்சு. யாரும் தப்பாகக் கூட்டவில்லை, யாரும் திருடவும் இல்லை. (பயந்து வங்கிக்கு ஓடாதீர்கள். அவர்கள் இதற்கெல்லாம் எப்போதோ காப்புக் கட்டிவிட்டார்கள்.)

எங்கள் பாஷையில் இதற்கு டேட்டா ரேஸ் என்று பேர். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இந்த வகைப் பிழையின் குணம் இருக்கிறதே, அது தனி. பழைய ஆபீஸ் ஒன்றில், பேர் வேண்டாம், ஒரு பில்லிங் மென்பொருள் இருந்தது. மாதக் கடைசியில் கூட்டம் அதிகமாகும்போது மட்டும் கணக்கு சில ரூபாய் உதைக்கும். எங்கே உதைக்கிறது என்று பார்க்க நடுநடுவே 'இந்த இடம் வரை வந்தாயிற்று' என்று அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் பிழை காணாமல் போய்விடும். அந்த வரிகள் எடுத்துக்கொள்ளும் துளியூண்டு தாமதமே இரண்டு கோர்களும் முட்டிக்கொள்ளாமல் விலக்கிவிட்டது. வரிகளை எடுத்துவிட்டால் மறுபடி வந்து நிற்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் சமத்தாக உட்கார்ந்திருக்கும் வாண்டு மாதிரி. டேமேஜர் வந்து எட்டிப் பார்க்கும் நேரத்தில் வரவே வராது. :-)

பில்லில் சில ரூபாய் என்றால் சிரித்துக்கொள்ளலாம். சிரிக்க முடியாததும் நடந்திருக்கிறது.

தெராக்-25 என்று ஒரு மருத்துவ இயந்திரம். கனடா அரசு நிறுவனம் தயாரித்தது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு. 1985-க்கும் 1987-க்கும் நடுவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேருக்கு அது தர வேண்டியதைவிடப் பல மடங்கு கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. இறந்தவர்களும் உண்டு, உடம்பு சிதைந்தவர்களும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் ஊரில் 1986-ல் நடந்ததைப் பாருங்கள். இயந்திரத்தை இயக்கும் பெண்மணி ஒரு எழுத்தை மாற்றித் தட்டிவிட்டார். உடனே மேலே போய்ச் சரி செய்துவிட்டார். தினமும் செய்யும் வேலை, விரல் வேகம் கூடியிருந்தது. இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்ய எடுத்துக்கொள்வது சுமார் 8 நொடி. அந்த 8 நொடிக்குள் அவர் செய்த திருத்தம் திரையில் தெரிந்தது, ஆனால் நிரலின் இன்னொரு பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு பகுதி பழைய தகவலோடும் இன்னொரு பகுதி புதிய தகவலோடும் வேலை செய்தது. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்தப் பெண்மணியும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான், வேகமாகத் தட்டினால் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்கள் யாருக்கும் அது வரவில்லை.

அதே இயந்திரத்தின் முந்தைய மாடல்களில் தப்பான கதிர் வெளியே வராமல் தடுக்கத் தனியாக மின்சாரப் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1993-ல் நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் இதை அலசி எழுதிய அறிக்கையை மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

இன்னொன்று, 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரக்கிளையில் கம்பி உரசியது, கட்டுப்பாட்டு அறையில் கவனிக்கவில்லை என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஒஹாயோவில் இருந்த ஒரு கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. நின்றுவிட்டது என்பதே ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு வேலைகள் ஒரே தகவலில் ஒரே நேரத்தில் எழுதப் போனதுதான் அதற்கு மூலம் என்று பல வாரம் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

முதல் வைத்தியம் பூட்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர் 1960-களின் தொடக்கத்தில் கொடுத்தது. அதற்கு அவர் வைத்த பேர் செமஃபோர், அதாவது ரயில்வே கைகாட்டி. ஒற்றை ரயில் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாதே என்று நம் ஊர்ப் பக்கம் டோக்கன் முறை இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனில் நிற்காத வண்டியின் டிரைவர் கையை நீட்டி ஒரு வளையத்தை வாங்கிக்கொண்டு போவார். அந்த வளையத்தில் இருக்கும் டோக்கன் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை அவருடையது. நிரலிலும் அப்படித்தான். தகவலைத் தொடுவதற்கு முன் பூட்டை வாங்கு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடு.

நல்ல யோசனை. இன்றும் உலகம் இதில்தான் பெருமளவுக்கு ஓடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை உருவவே முடியாது. பெரும்பாலான நிரல்மொழிகளில் பூட்டுக்கும் தகவலுக்கும் அப்படி ஒரு பிணைப்பே கிடையாது. 'இதைத் தொடும் முன் அந்தப் பூட்டை வாங்கவும்' என்று எழுதாத சட்டமாக ஒரு புரிதல், அவ்வளவுதான். நூறு இடத்தில் ஒழுங்காகப் பூட்டி, நூற்றியோராவது இடத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு யாரும் சொல்லாமல் விட்டுவிட்டால் மொத்தமும் போச்சு. பூட்டாமலே உள்ளே போகலாம், கதவு திறந்தேதான் இருக்கிறது.

பூட்டு இரண்டானால் வேறொரு வம்பு. பீரோ சாவி அம்மாவிடம், உள்ளே இருக்கும் லாக்கர் சாவி பாட்டியிடம். அவள் முதலில் கொடுக்கட்டும், அப்புறம் நான் தருகிறேன் என்று இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் கல்யாணத்துக்கு நகை போட்ட மாதிரிதான். இதற்கு டெட்லாக் என்று பேர். திரை அப்படியே உறைந்து நிற்க, நாம் எலியைப் போட்டு உலுக்கும்போதெல்லாம் உள்ளே இப்படி ஒரு மாமியார் மருமகள் இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது வைத்தியம் வேறு மாதிரி யோசித்தவர்களிடமிருந்து வந்தது. ஒரே நோட்டில் எல்லாரும் எழுதுவதால்தானே பூட்டே தேவைப்படுகிறது? நோட்டை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டால்?

மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று வரவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நாற்பது வீட்டுக்குக் கடன் கணக்கு இருக்கும். ஒரு வீட்டுக்காரராவது கல்லாவுக்குள் கை விட்டுத் தானே எழுதிக்கொள்வாரா? "அண்ணாச்சி, அரைக் கிலோ உளுந்து, கணக்குல வச்சுக்குங்க" என்று சொல்வார். அண்ணாச்சி வரிசையில் ஒவ்வொருத்தராகக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதுவார். நோட்டுக்குப் பூட்டே தேவையில்லை, ஏனென்றால் பேனா ஒன்றுதான். இதைத்தான் எங்கள் ஆட்கள் தகவலைத் தனிமைப்படுத்துவது என்கிறார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சொந்தக்காரர். மற்றவர்கள் செய்தி அனுப்பலாம், பதில் கேட்கலாம், நேரடியாகக் கை வைக்க முடியாது.

யோசனை பழசுதான். 1973-ல் கார்ல் ஹெவிட்டும் கூட்டாளிகளும் 'ஆக்டர்' என்று இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். 1978-ல் டோனி ஹோர் செய்தி வழியே பேசிக்கொள்ளும் நிரல்களைப் பற்றி எழுதினார். தொழிலில் இறக்கிக் காட்டியது சுவீடனின் எரிக்சன் நிறுவனம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு அழைப்பில் கோளாறு வந்தால் அடுத்த அழைப்பு பாதிக்கக் கூடாது. இதற்காக 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் எர்லாங் மொழியைத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தனி நினைவகம். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது, கடிதம் போடலாம். ஒன்று செத்து விழுந்தால் அதைக் கண்காணிக்கும் இன்னொன்று புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். நாம் காலையில் எழுந்ததும் குட்மார்னிங் ரோஜாப்பூ படங்களைப் பார்க்கிறோமே, அந்த வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை. 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது சுமார் 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள், பொறியாளர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

மைக்ரோசாஃப்ட்டும் 2009-ல் ஆக்ஸம் என்று ஒரு சோதனை மொழியை வெளியிட்டுப் பார்த்தது. தகவலை ஒரு வேலிக்குள் வைத்து, ஏஜென்ட்டுகள் சேனல் வழியாக மட்டும் பேசிக்கொள்ளும் அமைப்பு. யாருக்குப் படிக்க மட்டும் அனுமதி, யாருக்கு எழுதவும் அனுமதி என்று மொழியிலேயே சொல்லிவிட வேண்டும். விற்பனைக்கு வராமலே அது நின்றுபோனது. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை. ரஸ்ட் மொழியைக் கிரேடன் ஹோர் 2006-ல் தன் சொந்த முயற்சியாக ஆரம்பித்தார், பிறகு மொசில்லா கை கொடுத்தது, 2015 மே மாதம் 1.0 வந்தது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்கு 2021-ல் ஆக்டர்கள் வந்தன.

ரஸ்ட் வைத்திருக்கும் சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் ஒரு நெக்லஸ் இருக்கிறது. அதன் சொந்தக்காரி ஒருத்திதான். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம், பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஒருத்தர் அதை ஆசாரியிடம் கொடுத்து மாற்றிச் செய்ய வாங்கிக்கொண்டு போனால், அது திரும்பி வரும் வரை வேறு யாரும் தொடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால், கொடுத்தவளுக்கு அதன் பிறகு உரிமை இல்லை. இந்தச் சட்டத்தை மீறி நிரல் எழுதினால் அது ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே, மாட்டேன் என்று சொல்லிவிடும். மாதக் கடைசிக் கூட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு யாரும் சொல்ல மறந்தாலும் கம்பைலர் சொல்லிவிடும். டெட்லாக்கை அது தடுக்காது, தப்பான யோசனையையும் தடுக்காது. ஒரே தகவலில் இரண்டு பேர் முட்டிக்கொள்வதை மட்டும் தடுக்கும். அதுவே பெரிய விஷயம்.

நிற்க. மாத்திரைக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. அப்பா அம்மா இரண்டு பேரும் லால்குடியில். அண்ணன் டெல்லி, நான் புனே, தங்கை ஹைதராபாத். அப்பாவுக்குத் திருச்சியில் மூன்று டாக்டர்கள். சர்க்கரைக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர். தினமும் ஒன்பது மாத்திரை. டாக்டரிடம் போகும்போது எங்களில் யாராவது ஒருவர் போனில் கூடவே இருப்போம். எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒரு எக்செல் ஃபைல். காலை, மதியம், இரவு என்று கட்டம் கட்டி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நிறம் கொடுத்து, பார்க்கவே அழகாக இருக்கும். இணையத்தில் ஒரு இடத்தில் போட்டு வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் இறக்கி, திருத்தி, மறுபடி ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுப்பான். அம்மா அதைப் பார்த்து ஏழு நாள் மாத்திரை டப்பாவை நிரப்புவாள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் ஃபைலை இறக்கி வைத்தான். சர்க்கரை டாக்டர் சொன்ன புது மாத்திரையைச் சேர்க்க வேண்டும். ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டான். சனிக்கிழமை காலை கிட்னி டாக்டரிடம் போன இடத்தில், கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, முட்டிவலி மாத்திரையை உடனே நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். தங்கைதான் அன்றைக்குப் போனில் இருந்தாள். ஐந்தே நிமிடத்தில் ஃபைலை இறக்கி, அந்த வரியை எடுத்துவிட்டு, ஏற்றியும் விட்டாள். சாயந்திரம் அண்ணன் முந்தின நாள் இறக்கி வைத்த ஃபைலைத் திறந்து, புது மாத்திரையைச் சேர்த்து, ஏற்றினான்.

மேலே சொன்ன பத்தாயிரம் ரூபாய்க் கணக்கை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். அண்ணன் செய்ததும் சரி, தங்கை செய்ததும் சரி. நிறுத்தச் சொன்ன மாத்திரை மட்டும் லிஸ்டில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை அம்மா எனக்குப் போன் செய்தாள். "ஏம்ப்பா, அப்பாவுக்குக் கால் ரெண்டும் வீங்கியிருக்கு. அந்த முட்டிவலி மாத்திரைய டாக்டர் நிறுத்தச் சொன்னாரே, மறுபடி ஏன் போட்டிருக்கீங்க?"

"நிறுத்தச் சொன்னது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நல்லா கேட்ட போ. அவர் சொல்றப்ப நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"பின்ன ஏம்மா குடுத்த?"

"நீங்கள்லாம் படிச்சவங்க. யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நாலு நாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் காலை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, மறுநாள் டாக்டரிடம் காட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்தோம். கிரியேட்டினின் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. அம்மா அந்தப் புதன்கிழமை போன் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

கூகிள் ஷீட் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒருத்தர் திருத்தத்தை இன்னொருத்தர் பழைய ஃபைல் விழுங்கியிருக்காது, உண்மைதான். ஆனாலும் மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அப்படியேதான் இருக்கும். பாதி மாத்திரை குறைக்கச் சொன்னார் என்று அப்பா சொன்னதைக் கேட்டு ஒருத்தர் குறைப்போம், அதே பேச்சை மறுநாள் அப்பாவிடமே கேட்டு இன்னொருத்தர் இன்னும் பாதி குறைப்போம். ஒவ்வொரு திருத்தமும் சரியாக இருந்து மொத்த லிஸ்ட் தப்பாக இருக்கலாம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தவள் அம்மா. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள் அம்மா. காலில் வீக்கத்தைப் பார்த்தவள் அம்மா. அந்த லிஸ்டில் எழுத உரிமை இல்லாத ஒரே ஆளும் அம்மாதான்.

இப்போது எக்செல் இல்லை. அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நீள நோட்டு இருக்கிறது. எட்டாவது வரைதான் படித்தாள் என்றாலும் பால் கணக்கு, பேப்பர் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று நாற்பது வருஷமாக நோட்டுப் போட்டவள். மாத்திரை லிஸ்ட் அந்த நோட்டில் மட்டும்தான் உண்டு. எங்களில் யாரும் அதில் எழுத மாட்டோம். டாக்டர் எதையாவது மாற்றினால் அம்மாவுக்குப் போன் செய்து, எந்த டாக்டர், எந்த மாத்திரை, கூட்டவா குறைக்கவா நிறுத்தவா என்று சொல்கிறோம். அவள் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறாள். நிறுத்திய மாத்திரையைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் தேதி போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் பையன் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவான். படத்தைப் பார்க்கலாம், டாக்டருக்குக் காட்டலாம். படத்தில் யாரும் எழுத முடியாது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் போன் செய்து, ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார் டாக்டர் என்றான். அம்மா எழுதவில்லை. "சீட்டு வரட்டும்டா, பாத்துட்டு எழுதுறேன்" என்றாள். சீட்டு வந்தது. பாதியாக்க வேண்டியது காலை மாத்திரை. எக்செல் கட்டம் இப்படிக் கேள்வி கேட்காது. எழுதியதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். சொந்தக்காரர் ஒருத்தர் வாசலில் உட்கார்ந்திருந்தால், வரும் செய்தியைச் சரி பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஆக்டர் வைத்து நிரல் எழுதும்போது எங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான்.

இந்த முறைக்கும் விலை உண்டு, மறைக்கவில்லை. எல்லாச் செய்தியும் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது. மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை அம்மா தூங்குவாள், அப்போது உலகமே காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவுக்கே உடம்பு சரியில்லை என்றால்? எர்லாங்காரர்கள் கண்காணிக்க ஒரு ஆளைப் போட்டு வைப்பது போல நாங்களும் சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சித்தி அடுத்த தெருதான். தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா மூன்று நாள் போனாள். போகும் முன் நோட்டு, டப்பா, சிவப்புப் பேனா மூன்றையும் சித்தி கையில் கொடுத்தாள். இரண்டாம் நாள் பழக்கத்தில் அம்மாவுக்குப் போன் செய்து ஏதோ மாத்திரை பற்றிக் கேட்டேன். "நோட்டு உங்க சித்திகிட்ட இருக்கு. நான் வர்ற வரைக்கும் அவளைக் கேளு, என்னைக் கேக்காதே" என்று வைத்துவிட்டாள். ரஸ்ட் கம்பைலரும் ஏறத்தாழ இதைத்தான் சொல்லும், இதைவிடக் கொஞ்சம் நீளமாக. :-)

என் தொழிலில் முப்பது நாற்பது வருஷமாகப் பெரிய பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இது. எல்லாரும் கவனமாக இருப்பார்கள் என்று நம்பி ஒரு அமைப்பைக் கட்டாதே. கவனக்குறைவு வந்தாலும் கெடாத மாதிரி கட்டு. எழுதும் உரிமையை ஒரு இடத்தில் வை. அந்த இடம் எது என்பதை மட்டும் எந்த மொழியும் நமக்காகத் தீர்மானிக்காது. டெராக்-25 மாதிரி இயந்திரத்திலோ என் பில்லிங் மென்பொருளிலோ அதை நாங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வீட்டில் அது அவ்வளவு கஷ்டமில்லை, நோயாளிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்தான்.

அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு நாலு ஊரில் நாலு பேராக இருந்துகொண்டு, மாத்திரையும் டாக்டர் தேதியும் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம்மில் நிறைய. எல்லாருக்கும் அக்கறை இருக்கிறது, அதனாலேயே எல்லாரும் எழுதுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, லிஸ்ட் யார் கையில் இருக்கிறது, திருத்துவது யார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கூட இருப்பவர் கையில் இல்லையென்றால் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நோட்டு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். போன தடவை நான் வாங்கிக் கொடுத்ததில் பேப்பர் மட்டமாம், சிவப்பு மை அடுத்த பக்கத்துக்கு ஊறுகிறதாம்.